அம்பு யாருடையது?

வேட்டையில் மான் விழுந்தால் இறைச்சி யாருக்குச் சொந்தம்? எய்தவனுக்கு என்றுதான் நாம் சொல்வோம். நமீபியாவின் வடகிழக்கு மூலையில், கலஹாரி மணற்காட்டில் வாழும் ஜுஹோவான்சி மக்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். வில் அவனுடையது, குறி அவனுடையது, வெயிலில் அடிச்சுவடு பார்த்துப் பின்தொடர்ந்த கால்களும் அவனுடையவை. ஆனால் அவன் தூணியில் கிடக்கும் அம்புகளில் பல, பிறர் கொடுத்தவை. எந்த அம்பு தைத்ததோ, அதைக் கொடுத்தவர்தான் இறைச்சிக்கு உரியவர். பங்கு பிரிக்கும் பொறுப்பும் அவருடையதே. அவர் வேட்டைக்கே வராத கிழவராக இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

வேலை பார்த்த காலம் முழுக்கக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தவன் நான். பங்கு, ஈவு, கடன், பாக்கி என்றே காலம் போயிற்று. எழுபது தாண்டிய பிறகு மகளும் மாப்பிள்ளையும் ஆப்பிரிக்காவுக்கு ஒரு சஃபாரி ஏற்பாடு செய்தபோது, சிங்கம் பார்க்கப் போகிறோம் என்றுதான் கிளம்பினேன். சிங்கமும் பார்த்தேன். நிழலில் படுத்துத் தூங்கியது. ஊர் திரும்பியும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது சிங்கம் அல்ல, அந்த அம்புக் கணக்குதான்.

நமீபியா பரப்பில் தமிழ்நாட்டைப்போல ஆறு மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 30 லட்சம். தலைநகர் வின்ட்ஹோக்கை விட்டு வண்டி வெளியேறியதும் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரிந்துவிடும். நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் எதிரே வண்டி வந்தால்தானே அது நினைவுக்கு வரும்! தார் முடிந்து சரளைச் சாலை தொடங்குகிறது. பின்னால் எழும் புழுதி அரை மைல் நீளத்துக்குத் தொங்குகிறது. பெட்ரோல் பங்க் கண்ட இடத்தில் டேங்க்கை நிரப்பிக்கொள்ள வேண்டும், அடுத்தது எங்கே என்பது நம் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. எங்கள் வழிகாட்டி குனேனே பகுதியைச் சேர்ந்த டமரா இளைஞர். ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், தாய்மொழியான கோய்கோய் மூன்றிலும் மாறி மாறிப் பேசுவார். கோய்கோய் பேசும்போது நாக்கைச் சொடுக்கும் ஓசைகள் நடுநடுவே விழும். என் பேரன் இரண்டு நாள் முயன்று ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை.

சோசுஸ்விளே மணற்குன்றுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லா நாட்காட்டியிலும் வருகிற அந்தச் சிவப்பு மணல்தான். நேரில் இன்னும் சிவப்பு. டெட்விளே என்னும் வெள்ளைக் களிமண் படுகையில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பட்டுப்போன மரங்கள் கரிக்கட்டைபோல நின்றுகொண்டிருக்கின்றன. மட்கிப்போவதற்குக்கூட அங்கே ஈரம் இல்லை. நமீப் உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் ஒன்று. அதன் மணற்கடலை யுனெஸ்கோ 2013-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கரையோரம் ஓடும் பெங்குவேலா குளிர் நீரோட்டம் மழையைத் தடுக்கிறது. ஆனால் அதே நீரோட்டம்தான் பனிமூட்டத்தைக் கிளப்பி உள்நாடு வரை அனுப்புகிறது. விடியலில் குன்றின் முகட்டில் ஒரு கறுப்பு வண்டு தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் படியும் பனி துளியாகத் திரண்டு வாய்க்கு வழிந்து வரும். மழையை மறுக்கிற கடல் வேறு வழியில் தண்ணீர் தருகிறது, வண்டு அதற்கேற்ப நிற்கப் பழகியிருக்கிறது. சரி, வண்டை விட்டு மனிதர்களிடம் வருகிறேன்.

ட்சும்க்வே என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள நையே நையே பகுதியில் ஜுஹோவான்சி மக்கள் தங்கள் பாரம்பரிய முறையில் வேட்டையாட இன்றும் சட்டம் இடம் தருகிறது. அங்கே எங்களைக் காலையில் காட்டுக்குள் நடத்திச் சென்றவர்களில் மூத்தவருக்கு என் வயது இருக்கும். ஒரு புதரடியில் உட்கார்ந்து குச்சியால் மண்ணைத் தோண்டினார். முழங்கை ஆழம் போனதும் பட்டாணி அளவில் மண்கூடுகள் வந்தன. ஒன்றை விரலால் நசுக்க, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புழு. வண்டின் இளம்பருவம். அதன் சாறுதான் அம்புக்கு விஷம். அம்பின் முனையில் தடவுவதில்லை, முனைக்குப் பின்னால் நரம்பு சுற்றிய தண்டில்தான் தடவுகிறார்கள். முனையில் தடவினால் தவறிக் கையைக் கீறிக்கொண்டவன் கதி என்ன ஆவது? விஷம் மெல்லத்தான் வேலை செய்யும். பெரிய விலங்கு என்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதுவரை தடம் பார்த்துத் தொடர வேண்டும். எய்வது ஒரு நொடி, மீதியெல்லாம் நடை.

பயணிகளுக்காகத் தோலாடை உடுத்திக் காட்டுகிற நிகழ்ச்சி அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதியம் அந்தப் பெரியவர் கால்பந்து அணியின் சட்டையும் அரைக்கால் சட்டையுமாகச் சமையல் தீ அருகே உட்கார்ந்திருந்தார். எங்களோடு வந்த ஒருவர், "எல்லாம் நாடகம்" என்று முகம் சுளித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருக்கூத்துக்காரர் அரிதாரம் கலைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால் கூத்து பொய்யாகிவிடுமா? புழு இருக்கும் புதர் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை அவர் விலைக்கு வாங்கவில்லை. காட்டியதற்கான கூலியும் தரகர் கைக்குப் போகாமல் அவர்கள் ஊருக்கே போயிற்று. வேறென்ன வேண்டும்?

அம்புக் கணக்கின் காரணத்தை அவரிடம் கேட்டேன். மொழிபெயர்த்துச் சொன்ன பெண் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்: நன்றாக எய்பவர்கள் நாலு பேர்தான் இருப்பார்கள். இறைச்சி எய்தவனுடையது என்றால் ஊர் முழுக்க அவன் வாசலில் நிற்க வேண்டிவரும்.

இதே மக்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. எல்லைக்கு அந்தப்பக்கம், போட்ஸ்வானாவின் டோபேயில் 1960களில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ரிச்சர்டு லீ, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கே விருந்து வைக்க ஆசைப்பட்டு, தேடிப்பிடித்து மிகக் கொழுத்த எருது ஒன்றை வாங்கினார். நன்றி சொல்வார்கள் என்று பார்த்தால், ஒருவர் விடாமல் வந்து "இந்த எலும்புக்கூட்டையா வாங்கினாய்?" என்ற ரீதியில் துக்கம் விசாரித்தார்கள். மனிதர் நொந்துபோனார். எருதை அறுத்தபோது கொழுப்பு அடுக்கடுக்காக இருந்தது. வயிறு நிறையத் தின்றார்கள், கேலியை மட்டும் விடவில்லை. பிறகுதான் விளக்கம் கிடைத்தது. பெரிய வேட்டையோடு வரும் இளைஞனையும் இப்படித்தான் மட்டம் தட்டுவார்களாம். தட்டாவிட்டால் அவன் தன்னைத் தலைவன் என்று எண்ணத் தொடங்குவான், மற்றவர்களை வேலையாட்களாகப் பார்ப்பான், ஒருநாள் அந்தக் கர்வம் யார் உயிரையாவது வாங்கும். லீ இதை 1969-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். மானுடவியல் வகுப்புகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது பணிவு அல்ல. பணிவைப் பற்றி நம் ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. பகிர்வதை அவர்கள் யாருடைய நல்ல மனசுக்கும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் பிடித்தது. கொடுப்பவன் நல்லவனா, கஞ்சனா என்ற கேள்விக்கே இடமில்லாதபடி, எய்யும் முன்பே பங்கு முடிவாகிவிடுகிறது. என் அனுபவத்தில், "தலைவர் தங்கமான மனுஷன், கணக்கெல்லாம் எதுக்கு?" என்று சொன்ன சங்கங்கள்தான் முதலில் மூழ்கின. தங்கமான மனுஷனுக்கும் மகள் கல்யாணம் வரும், தங்கமான மனுஷனுக்கும் மச்சினன் இருப்பான். வறண்ட நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வசதி இல்லை. ஒரு தடவை தப்பினால் குழந்தை பட்டினி.

அங்கிருந்து வெகுதூரம் மேற்கே, ஓபுவோ ஊரைத் தாண்டி ஹிம்பா மக்களின் குடியிருப்பு ஒன்றுக்குப் போனோம். செம்மண்ணும் வெண்ணெயும் குழைத்து உடம்பிலும் கூந்தலிலும் பூசிய பெண்களின் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். வண்டியை வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டு வழிகாட்டி மட்டும் முன்னே போய் அனுமதி கேட்டார். பணத்துக்குப் பதில் மக்காச்சோள மாவு, எண்ணெய், சர்க்கரை கொண்டுபோயிருந்தோம். தலைவரின் குடிலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவே கல் அடுக்கிய ஒரு தீ இருக்கிறது. முன்னோரோடு பேசும் இடம். அதற்கும் குடிலுக்கும் நடுவே குறுக்கே நடக்கக் கூடாது. வழிகாட்டி இரண்டு தடவை சொல்லியும், கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பூஜையறையில் முன்பின் தெரியாத ஒருவர் செருப்புக்காலோடு நுழைந்து படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

ஒரு மூதாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவருக்கு எத்தனை மாடு?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றதும் முகத்தில் தெரிந்தது உண்மையான இரக்கம். பென்ஷன் என்பதை விளக்க வழிகாட்டி பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! அடுத்த கேள்வி: "உங்கள் சொத்து யாருக்குப் போகும்?" பிள்ளைகளுக்கு என்றேன். அவர் தலையாட்டவில்லை. ஹிம்பா வழக்கில் ஒருவன் இரண்டு குலத்தைச் சேர்ந்தவன். அப்பா வழியில் அந்தத் தீயும், சடங்குக்குரிய மாடுகளும், குடியிருக்கும் இடமும் வரும். அம்மா வழியில் மற்ற மாடுகள் போகும், அதாவது ஒருவன் சேர்த்த மந்தை அவன் சகோதரி மகனுக்கு. ஒரே ஆணின் மகன்கள் கையில் எல்லாம் குவிவதில்லை. மாட்டை இரவல் கொடுக்கும் வழக்கமும் இருப்பதால் ஒருவருடைய மந்தை பல ஊர்களில் மேயும். இங்கே மழை பொய்த்தால் அங்கேயாவது நாலு மாடு மிஞ்சும். 1980களின் தொடக்கத்தில் வந்த பெரும் வறட்சியில் மாடுகளில் பெரும்பகுதியை இழந்த பிறகும் மறுபடி மந்தை சேர்த்து எழுந்தவர்கள் இவர்கள்.

நான் நாஞ்சில் நாட்டுக்காரன். மருமகனுக்குச் சொத்து என்பதைக் கேட்டு மற்றவர்கள் வாய் பிளந்தபோது எனக்கு என் கொள்ளுத்தாத்தா காலம் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்து வேளாளரிடமும் மருமக்கள்வழி இருந்தது. 1920களில் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அதை மாற்றியது. மாற்றுவதற்குக் காரணம் இருந்தது. கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' அந்த முறையில் சிக்கிய ஒரு மனைவியின் வாயாலேயே அதன் கொடுமையைச் சொல்கிறது. கணவன் கண்ணை மூடியதும் பெற்ற பிள்ளைகளோடு நடுத்தெருவில் நின்ற பெண்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே ஹிம்பாக்களின் ஏற்பாட்டைக் கண்டதும் நான் உருகிவிடவில்லை. நடந்து போகும் மாட்டுக்குப் பொருந்தும் பங்கீடு, நகராத வயலுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. அங்கேயும் பள்ளி, சம்பளம், வங்கிக் கணக்கு எல்லாம் வரவர, அப்பன் சம்பாத்தியம் யாருக்கு என்ற வழக்கும் வருகிறது என்று வழிகாட்டி சொன்னார். ஏற்பாடு என்று இருந்தால் மட்டும் போதாது. யார் தலையில் சுமை, யார் கையில் பலன் என்பதைத் தலைமுறைக்கு ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தாக வேண்டும்.

இதே கேள்விதான் விலங்குகள் விஷயத்திலும். ஹுவாப், ஹோவானிப் என்று வறண்ட ஆறுகள் அந்தப் பக்கம் ஓடுகின்றன. ஓடுகின்றன என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான், ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். அந்த மணலில் யானைகள் வாழ்கின்றன. ஒரு தாய் யானை முன்காலால் மணலை ஒதுக்கி, துதிக்கையை விட்டு, ஊறும் வரை பொறுத்திருந்து குடித்ததை வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நகர்ந்த பிறகு அந்தக் குழிக்கு மற்ற விலங்குகள் வரும். எல்லோரும் கைதட்டாத குறை. ஆனால் அதே யானைக்கு ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் வாசனையும் தெரியும். தொட்டியை உடைக்கும், குழாயைப் பிடுங்கும், பம்பு ஓட்டிய செலவு ஏழை ஆட்டுக்காரன் தலையில் விழும். எங்கள் வழிகாட்டியின் அப்பா ஒரே இரவில் பட்டியிலிருந்த ஆடுகளைக் கழுதைப்புலிக்குப் பறிகொடுத்தவர். "நீங்கள் சந்தோஷமாகப் படம் எடுக்கும் மிருகத்துக்கு எங்கள் வீட்டில் வேறு பேர்" என்றார்.

முன்பு அந்த மிருகத்தால் ஊருக்கு நஷ்டம் மட்டுமே இருந்தது. வெள்ளைக்காரப் பண்ணையாளர்களுக்குத் தங்கள் நிலத்து விலங்குகள்மேல் உரிமை 1970களிலேயே சட்டத்தில் இருந்தது, கறுப்பின மக்களின் பொதுநிலத்தில் கிடையாது. கள்ளவேட்டை தலைவிரித்தாடிய 1980களில் கார்த் ஓவன்-ஸ்மித் என்பவர் ஊர்த் தலைவர்களிடம் போய், உங்கள் ஆட்களையே காவலுக்கு நியமியுங்கள் என்று கேட்டார். காடு அறிந்த உள்ளூர்க்காரர்கள், முன்பு வேட்டையாடியவர்கள் உட்பட, காவலர் ஆனார்கள். நாடு 1990-ல் விடுதலை அடைந்தது. 1996-ல் வந்த சட்டத் திருத்தம், ஊர் மக்கள் எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் எழுதி, குழு அமைத்துப் பதிவு செய்தால் அங்குள்ள விலங்குகளாலும் சுற்றுலாவாலும் வரும் வருமானம் அவர்களுக்கே என்றது. 1998-ல் முதலில் பதிவானவற்றில் நையே நையேயும் ஒன்று. இப்போது இத்தகைய காப்பகங்கள் 86. உறுப்பினர் பட்டியல், ஆண்டுக் கூட்டம், வரவு செலவு வாசிப்பு, தலைவர்மேல் புகார் என்று வழிகாட்டி அடுக்கிக்கொண்டே போனபோது எனக்குச் சொந்த ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. குனேனேயின் கல்மலைகளில் பூங்கா வேலி எதுவும் இல்லாமல் கறுப்புக் காண்டாமிருகங்கள் இன்று திரிகின்றன என்றால், அதில் இந்தக் கூட்டங்களின் சலிப்பூட்டும் தீர்மானங்களுக்கும் பங்கு உண்டு.

குறை இல்லாமல் இல்லை. பல காப்பகங்களுக்குப் பணம் பயணிகளிடமிருந்து மட்டும் வருவதில்லை, காசு கட்டி வேட்டையாட வரும் வெளிநாட்டவரிடமிருந்தும் வருகிறது. எனக்கு அது குமட்டுகிறது. ஆனால் பயணி எட்டிப் பார்க்காத வறண்ட மூலைகளில் காவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று வழிகாட்டி திருப்பிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றதும் முகாம்கள் மூடின. ஊர்க் காவலர் சம்பளத்துக்கு நன்கொடையாளர்களிடம் கையேந்த வேண்டியதாயிற்று. ஒரே வருமானத்தை நம்பும் எந்தச் சங்கத்துக்கும் தணிக்கையாளன் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் குறிப்பு எழுதுவான்.

பங்கே கொடுக்காமல் காக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு எட்டோஷா இருக்கிறது. 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த தேசியப் பூங்கா, ஜெர்மன் ஆட்சியில் 1907-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஒகாகுவெயோ முகாமில் இரவில் விளக்கு போட்ட நீர்க்குட்டையின் ஓரம் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், காண்டாமிருகமே தேடி வரும். வயசானவர்களுக்கு இதைவிடச் சுகமான சஃபாரி கிடையாது. அந்தக் குட்டைகளைச் சுற்றிப் பல தலைமுறைகளாக வாழ்ந்த ஹாய்ஓம் மக்களை 1954-ல் வெளியேற்றினார்கள். ஒரு சிலர் பூங்கா வேலைக்காரர்களாக உள்ளே தங்கினார்கள், பலர் சுற்றியிருந்த பண்ணைகளில் கூலிகளானார்கள். பெஞ்சுக்கு அருகே இருந்த எந்தப் பலகையிலும் இதை நான் பார்க்கவில்லை, வழிகாட்டி சொல்லித்தான் தெரிந்தது.

அவரே ஒருநாள், "எங்கள் சிவிங்கிப்புலிகள் உங்கள் ஊரில் சௌக்கியமா?" என்று விசாரித்தார். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவந்தோமே, அதைக் கேட்கிறார். சில இறந்தன, குட்டிகளும் பிறந்தன என்றேன். "அந்த ஊர் மக்களுக்கு என்ன பங்கு?" என்றார். சிங்கத்துக்காகக் குனோவிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன்பே கிராமங்களைக் காலி செய்தது நினைவுக்கு வந்தது. சிங்கம் வரவில்லை, போனவர்களும் திரும்பவில்லை. அவரிடம் அதைச் சொன்னேன். "ஹாய்ஓம்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார், வண்டியைக் கிளப்பிவிட்டார்.

என் வயதில் போக நினைப்பவர்களுக்கு: மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், விலங்குகள் தண்ணீர் தேடி வருவதால் பார்ப்பது எளிது. ஜூன், ஜூலை இரவுகளில் பாலைவனம் நடுக்கும், கம்பளிச் சட்டை அவசியம். டெட்விளேவுக்குக் கடைசி ஒரு கிலோமீட்டர் மணலில்தான் நடக்க வேண்டும், வெயில் ஏறும் முன் போய்விட வேண்டும். சரளைச் சாலையில் இடுப்புவலிக்காரர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், வெட்கம் வேண்டாம். பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முகாம் இருக்கும் நிலம் எந்தக் காப்பகத்தைச் சேர்ந்தது? ஒப்பந்தப்படி ஊருக்கு என்ன பங்கு போகிறது? நேரடியாகப் பதில் சொன்னால் முன்பணம் கட்டலாம். மழுப்பினால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள், அந்த நாட்டில் முகாம்களுக்குப் பஞ்சம் கிடையாது.